நிச்சயதார்த்த மோதிரம் அவருடைய குணத்துக்குப் பொருந்த வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் எடுக்க வரும் ஜோடிகளும் அவர்களுடைய வீட்டாரும் நம் ஊர் நகைக்கடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பழகியவன் எழுதுவதால் பதில்களில் சொந்த அபிப்பிராயம் தூக்கலாகவே இருக்கும்.

குணத்துக்கு ஏற்ற மோதிரம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா?

அமைதியானவருக்கு வட்டக் கல், துணிச்சல்காரருக்குச் சதுரக் கல், கனவு காண்பவருக்கு இதய வடிவம் என்று அட்டவணை போட்டுத் தருகிறார்கள். அதை நம்பிக் காசைப் போடாதீர்கள். வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத பெண், கடையிலேயே பெரிய மோதிரத்தைச் சுட்டிக்காட்டி வாங்கிப் போவார். மேடையேறிப் பேசும் பெண் கம்பி போன்ற ஒரு வளையத்தோடு எழுந்துவிடுவார்.

குணத்தைக் காட்டிலும் பழக்கத்தைக் கவனியுங்கள். நகையைப் போட்டால் போட்டபடி மறந்துவிடுகிறவரா, வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறவரா? பேசும்போது கையை வீசுவாரா? பொருளை வைத்த இடம் அவருக்கு நினைவிருக்குமா? எந்த மோதிரம் அவர் விரலில் தங்கும் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. கழற்றிக் கழற்றி வைக்கிற பழக்கம் உள்ளவருக்குச் சின்ன விலைமதிப்பான கல் ஆபத்து. கை கழுவும் தொட்டியோரம்தான் அதற்கு முதல் எமன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்துக் குடும்பங்களின் நிச்சயத்தில் தட்டு மாற்றுவதும் லக்னப் பத்திரிகை வாசிப்பதும்தான் முக்கியமான சடங்கு. மோதிரம் மாற்றுவது பிற்பாடு வந்து சேர்ந்த வழக்கம். ஆகவே 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால், அது அவருடைய ஆசை, சாஸ்திரம் இல்லை.

வீட்டில் பார்த்த சம்பந்தம். இரண்டு முறைதான் பேசியிருக்கிறோம். அவருடைய ரசனை எனக்கு எப்படித் தெரியும்?

கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 'உனக்கு என்ன மாதிரி வேண்டும்?' என்று மொட்டையாகக் கேட்டால் 'எதுவானாலும் சரி' என்ற பதில்தான் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். மஞ்சள் தங்கமா, வெள்ளை நிறமா? கல் வேண்டுமா, வேண்டாமா? தினமும் போடுவீர்களா, விசேஷத்துக்கு மட்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கடையில் இருக்கும் தட்டுகளில் முக்கால்வாசியை ஒதுக்கிவிடலாம்.

அவரையே கடைக்கு அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் வாயைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். சுற்றிலும் பெரியவர்கள் நிற்கும்போது பெண் 'இது நன்றாக இருக்கிறது' என்று ஒன்றைச் சொல்வார். பில் போடப் போகும் நேரத்தில் அவருடைய விரல், முன்பு கழற்றி வைத்த வேறொரு மோதிரத்தைத் தட்டின் ஓரத்தில் மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கும். விற்பனையாளர்களுக்கு இது தெரியும். கூட வந்தவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

சொல்லாமல் வாங்கி ஆச்சரியப்படுத்த நினைக்கிறேன். சரியா?

காதலித்து நெடுநாள் பழகியவர்கள் என்றால் துணிந்து செய்யுங்கள். மற்றவர்கள் மோதிரத்தை இருவருமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, உள்பக்கம் பொறிக்கும் எழுத்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம்.

விரல் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த நகைக்கடையிலும் எண் போட்ட அளவு வளையங்களின் கொத்து இருக்கும். இரண்டு நிமிட வேலை. நேரில் முடியாது என்றால் அவர் அதே விரலில் போடும் மோதிரம் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடையில் கொடுங்கள். 'அதே விரல்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நடுவிரல் மோதிரத்தைக் கொண்டுவந்து மோதிர விரலுக்கு வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். இடது கைக்கும் வலது கைக்கும் கூட வேறுபாடு உண்டு. அதிகம் புழங்கும் கை பொதுவாகச் சற்றுப் பருமனாக இருக்கும். எந்தக் கையில் போடுவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதால் அதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நூலைச் சுற்றி அளக்காதீர்கள், அது இழுபடும். காகிதக் கீற்று தேவலை. வெயிலில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். சித்திரை மாதத்து மதியம் எடுத்த அளவு மார்கழிக் காலையில் தளர்ந்து போகலாம். மோதிரம் விரல் மூட்டைத் தாண்டும்போது லேசாகத் தடுக்க வேண்டும், தாண்டியபின் சுகமாக உட்கார வேண்டும். பட்டை அகலமான மோதிரத்துக்கு வழக்கமான அளவைவிடச் சற்றுப் பெரிதாக எடுக்க வேண்டியிருக்கும். வளையம் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ அநேகமாக முடியாது. அளவில் சந்தேகம் இருந்தால் அந்த வகையைத் தொடவே வேண்டாம்.

அவர் செவிலியர். நாள் முழுக்கக் கையுறை போட்டுக் கழற்றுகிறார். என்ன வாங்கலாம்?

தூக்கிக் கட்டிய கல் வேண்டாம். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் கையுறையைக் கிழிக்கும். கல்லுக்கு அடியில் அழுக்கும் தங்கும். பல மருத்துவமனைகளில் பணி நேரத்தில் கல் மோதிரத்துக்கு அனுமதியும் இல்லை. கல் இல்லாத வழுவழுப்பான பட்டை மோதிரம் வாங்குங்கள். கல் இருந்தே தீர வேண்டும் என்றால் வளையத்தின் மட்டத்துக்குள் அமிழ்ந்து, சுற்றிலும் தங்க விளிம்பு கட்டியதாகப் பாருங்கள். நம் பாட்டிமார்களின் வைரத்தோட்டில் கல்லைச் சுற்றித் தங்கம் மூடியிருக்குமே, ஏறக்குறைய அந்தக் கட்டுதான். புடவைச் சரிகையிலும் துப்பட்டாவிலும் சிக்காது என்பதால் ஆசிரியைகளுக்கும், கைக்குழந்தையைத் தூக்கப் போகிறவர்களுக்கும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

லேத், மின்சாரம், கனரக இயந்திரம் ஆகியவற்றோடு வேலை செய்கிறவர்கள் பணியில் எந்த மோதிரமும் அணியக் கூடாது. மோதிரம் இயந்திரத்தில் மாட்டினால் விரலே போய்விடும். அவர்களுக்கு மோதிரத்தோடு, அதைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு சங்கிலியும் சேர்த்துக் கொடுங்கள். வீணை, வயலின் வாசிப்பவர்களுக்குத் தந்தி அழுத்தும் கை தவிர மற்றக் கைக்கு வாங்குங்கள்.

அவருக்கு நகையே பிடிக்காது. மோதிரம் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாங்குவதுதான் சுலபம். இரண்டு, மூன்று கிராமில் மெல்லிய வளையம் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மிக மெல்லியதாக எடுக்கும்போது சுத்தத்துக்குக் கடைக்காரர் வார்த்தைதான் சாட்சி. இரண்டு கிராமைத் தாண்டி எடுத்தால் நிம்மதி.

அவருக்குப் பழைய பாணி என்றால் உயிர். வைரம் அவருக்குப் பொருந்துமா?

பருத்திப் புடவை, ஜிமிக்கி, பாட்டி வீட்டு வெண்கலப் பாத்திரம் என்று இருப்பவரைப் புதுமோஸ்தர் வைர மோதிரத்துக்குள் திணிக்காதீர்கள். நெளி மோதிரம் இருக்கிறது. வளைந்து நெளிந்த அந்தத் தங்கக் கம்பிக்கு இணையாக நம் ஊரில் வேறு வடிவம் இல்லை என்பது என் கட்சி. கெம்புக்கல் மோதிரம், கோயில் நகை வேலைப்பாட்டில் அன்னமோ மாங்காயோ செதுக்கிய மோதிரம் ஆகியவையும் இருக்கின்றன. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியிலும், கோவை பெரிய கடைவீதி, ராஜ வீதிப் பக்கமும் வடிவம் சொல்லிச் செய்து வாங்கலாம். பத்தரிடம் நேராகப் பேசுவது சிலருக்கு மோதிரத்தைவிடப் பெரிய சந்தோஷம்.

கெம்பு என்ற பெயரில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை செயற்கைக் கற்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் மாணிக்கத்தின் விலை கொடுக்காதீர்கள். கல்லின் எடையையும் தங்கத்தின் எடையோடு சேர்த்துப் பில் போடுகிறார்களா என்று பாருங்கள். அந்தக் கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன்.

22 காரட், 18 காரட், வெள்ளைத் தங்கம், பிளாட்டினம்: எது?

22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அதனால்தான் 916 என்கிறோம். நிறம் அருமை, ஆனால் மிருது. கல் இல்லாத மோதிரத்துக்கும் சுற்றிக் கட்டிய கல்லுக்கும் ஏற்றது. நாலு சின்னக் கொக்கிகள் வைரத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்றால் 18 காரட்தான் நம்பகம். அதில் தங்கம் 75 பங்கு, முத்திரை 750.

வெள்ளைத் தங்கம் இயல்பிலேயே பளீர் வெள்ளை அல்ல. மேலே ரோடியம் முலாம் பூசுகிறார்கள். தேயத் தேய அடியில் உள்ள வெளிர்மஞ்சள் எட்டிப் பார்க்கும்; மறுபடி முலாம் பூச வேண்டும். அதற்கெல்லாம் கடைக்கு நடக்கிற ஆளா அவர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறது என்பவருக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். சில வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

பிளாட்டினம் நிறம் மாறாது, முலாம் வேண்டாம். தங்கத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே வடிவம் கையில் கனமாக நிற்கும். கீறல் விழும்; ஆனால் உலோகம் தேய்ந்து போகாமல் ஒதுங்கும், மேற்பரப்பு நாளடைவில் மங்கிச் சாம்பல் பூக்கும். சிலருக்கு அந்த மங்கல்தான் அழகு. திரும்ப விற்கப் போனால் தங்கத்துக்குக் கிடைக்கிற மரியாதை எல்லாக் கடைகளிலும் அதற்குக் கிடைக்காது. அளவு மாற்றவும் எல்லாப் பத்தர்களாலும் முடியாது. அது உருக 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

வைரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது முறை?

இத்தனை மாதச் சம்பளம் என்று ஒரு கணக்கு உலவுகிறதே, அது டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரங்கள் அமெரிக்காவில் பரப்பிவிட்டது. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணச் செலவு மொத்தமும் முன்னால் நிற்கும்போது மோதிரத்துக்குக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதாவது நூறு சென்ட். இருபது, இருபத்தைந்து சென்ட் கல்லே மெலிந்த விரலில் எடுப்பாக இருக்கும். கல்லின் ஜொலிப்புக்குப் பெரும்பங்கு காரணம் வெட்டு. அதில் சமரசம் செய்யாமல் நிறத்திலும் சுத்தத்திலும் ஒருபடி இறங்கி வாருங்கள்; லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் புள்ளிக்காக ஏன் அழ வேண்டும்? வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜிஐஏ அல்லது ஐஜிஐ ஆய்வகத்தின் சான்றிதழ் கேளுங்கள். சான்றிதழ் எண்ணைக் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருந்தால், லென்ஸ் கொடுத்துக் காட்டச் சொல்லி எண்ணைச் சரிபாருங்கள். ஐம்பது பேர் நிற்கும் கடையாக இருந்தாலும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலியா?

போலி இல்லை. மண்ணுக்கடியில் கிடைத்ததும் கரிமம்தான், இதுவும் கரிமம்தான், கடினமும் ஒன்றே. வெறும் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு ஆய்வகக் கருவி வேண்டும். 'அமெரிக்கன் டைமண்ட்' என்பது வேறு; அது கியூபிக் சிர்கோனியா, வைரமே அல்ல.

விலை மிகவும் குறைவு, திரும்ப விற்றால் கிடைப்பதும் மிகவும் குறைவு. இந்த இடத்தில்தான் குணம் உண்மையாகவே முக்கியமாகிறது. சுரங்கம், சுற்றுச்சூழல் பற்றியெல்லாம் யோசிக்கிறவர், பெரிய கல் ஆசை உள்ளவர், நகையை முதலீடாகப் பார்க்காதவர் இதை மகிழ்ச்சியோடு ஏற்பார். 'பூமியில் விளைந்ததுதான் வேண்டும்' என்பவருக்கு இதைச் சொல்லாமல் வாங்கிக் கொடுத்தீர்களானால், தெரியவரும் நாளில் சண்டை கல்லைப் பற்றியதாக இருக்காது.

நீலக்கல், மரகதம் போன்ற நிறக்கல் மோதிரம் வாங்கலாமா?

தாராளமாக. 1981இல் பிரிட்டன் இளவரசி டயானாவுக்கு வாங்கிய நிச்சய மோதிரத்தில் இருந்ததே இலங்கை நீலக்கல்தான். இன்று அது அவருடைய மருமகள் கேத்தரின் விரலில் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் நீலம் சனிக்கு உரியது, பார்க்காமல் போடக் கூடாது என்ற எண்ணம் ஆழமானது. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அவருக்கோ அவருடைய அம்மாவுக்கோ இருந்தால், சபையில் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் முகம் மாறும். முன்பே கேட்டுவிடுங்கள்.

தாங்கும் திறனைப் பொறுத்தவரை வைரத்துக்கு அடுத்தபடி மாணிக்கமும் நீலமும்: கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, இவை 9. மரகதம் ஏழரையிலிருந்து எட்டுக்குள் வந்தாலும் உள்ளே இயற்கையாகவே விரிசல்கள் இருப்பதால் ஓர் இடி போதும். முத்து இரண்டரைதான். சமையல், தோட்டம் என்று கையை ஓயவிடாதவருக்கு முத்து மோதிரம் வாங்குவது முத்துக்கும் நல்லதல்ல.

மாப்பிள்ளை மோதிரத்துக்கு யாரும் இவ்வளவு யோசிப்பதில்லையே?

உண்மை, அது அநியாயம். பெண் வீட்டார் 'ஒரு பவுனில் மோதிரம்' என்று எடை பேசி முடித்துவிடுகிறார்கள். எட்டு கிராமில் சிங்கமுகம் போட்ட மோதிரம் பலருக்குக் கூச்சம். அலுவலகத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவு. நாலைந்து கிராமில் மங்கல் மெருகோடு ஒரு பட்டை மோதிரமும், மீதிப் பணத்தில் அவர் உண்மையில் ஆசைப்படும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்துப் பாருங்கள். ஆனால் பேசிய பவுன் குறைவதைப் பெரியவர்களிடம் முன்னதாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நிச்சய மேடையிலேயே தராசு தேடுவார்கள்.

இஸ்லாமியக் குடும்பங்களில் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. மாப்பிள்ளைக்கு வெள்ளி மோதிரம் வழக்கம். பிளாட்டினம் எடுப்பவர்களும் உண்டு. அந்த வீட்டு வழக்கத்தைக் கேட்டு எடுங்கள்.

அம்மா கெட்டியாக 916 வேண்டும் என்கிறார். அவளுக்கோ சின்ன வைரம் பிடித்திருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

போடப் போகிறவர் பேச்சை. அம்மாவின் கவலையும் வெறும் பிடிவாதம் அல்ல. அவசரத்துக்கு அடகு வைக்கவும் மாற்றவும் தங்கம்தான் கைகொடுத்தது என்பது அவர் வாழ்ந்து பார்த்த கணக்கு. அதனால் செலவைப் பிரியுங்கள். மோதிரம் பெண்ணின் விருப்பப்படி இருக்கட்டும். அம்மாவின் திருப்திக்கு, கல்யாணத்துக்கு எப்படியும் எடுக்கப் போகும் வளையலிலோ சங்கிலியிலோ ஒரு கிராம் கூட்டிப் போடச் சொல்லுங்கள். இந்தப் பேச்சைக் கடைக்குப் போகும் முன் மகன் வீட்டில் முடித்துவிட வேண்டும். கவுண்டரில் மாமியாரும் மருமகளும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே இழுபறி நடத்துவதைப் பார்க்கச் சகிக்காது.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கணக்குக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மோதிரம் 4.100 கிராம், அதில் அரை காரட் கற்கள் 0.100 கிராம். தங்கத்தின் விலை 4 கிராமுக்கு மட்டும், 40,000 ரூபாய். சேதாரம் 14 சதவீதம் என்றால் 5,600. கல்லின் விலை தனி. எல்லாம் கூட்டிய தொகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். வைரத்தில் எடை வேறுபாடு சின்னது. கனமான கெம்புக்கல் மோதிரத்தில் கல்லே ஒரு கிராம் இருந்தால், மொத்த எடைக்குப் பில் போட்டால் பத்தாயிரம் ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது வெறும் கல்.

செய்கூலி இல்லை என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் செலவு. மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, சுத்தத்தின் எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (அந்த நகைக்கே உரிய அடையாளக் குறி) ஆகிய மூன்றும் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் குறியை அடித்தால் கடையில் நின்றபடியே விவரம் பார்க்கலாம். வைரத்தைத் திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பாட்டியின் பழைய மோதிரத்தை அழித்துப் புதிது செய்யலாமா?

அவர் சம்மதித்தால் செய்யலாம். பழைய நகையின் உட்பக்கம் அரக்கு அடைத்திருக்கக் கூடும், உருக்கினால் நினைத்த எடை வராது. உருக்குவதை எதிரில் நின்று பாருங்கள். அழிக்காமல் அளவு மட்டும் திருத்தி, மெருகு போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, பழைய பல் துலக்கி. பூந்திக்கொட்டை ஊறிய நீரும் நன்றாகவே வேலை செய்யும். முத்தையும் மரகதத்தையும் ஊற வைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் தொடும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கடையில் கொடுத்துக் கொக்கிகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் கல் கிலுகிலுத்தால் அன்றே போங்கள்.

நிச்சயத்துக்கு எவ்வளவு நாள் முன்னதாக வாங்க வேண்டும்?

தட்டில் இருப்பதை எடுப்பதானால் இரண்டு வாரம். அளவு திருத்தவும் எழுத்துப் பொறிக்கவும் அது போதும். செய்யச் சொல்வதானால் ஆறு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள், தை, ஆவணி முகூர்த்தக் காலமானால் இன்னும் கொஞ்சம். அட்சய திருதியை அன்று நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று போகாதீர்கள். உட்கார நாற்காலி கிடைக்காது. வீட்டில் ஆட்சேபம் இல்லையென்றால் ஆடி மாதத்து வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். கல்யாணக் கூட்டம் இருக்காது. விற்பனையாளர் நீங்கள் கேட்கிற தட்டையெல்லாம் எடுத்துப் போடுவார்.